செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்கக் கூடாதவை

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த பெண்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். சிகிச்சை நடந்த காலத்தைவிட, முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் அதிகம் என்று பலர் சொல்வார்கள். சிகிச்சை நடக்கும்போது யாராவது ஒருவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ரத்தம் எடுக்கிறார்கள், எடை பார்க்கிறார்கள், சிஸ்டர் வந்து "சாப்பாடு இறங்குதா?" என்று கேட்கிறார். கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) வைத்து முடிந்த கடைசி நாளில் "மூணு மாசம் கழிச்சு வாங்கம்மா" என்று தேதி எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த மூன்று மாதமும் உடம்பைக் கவனிக்கிற வேலை நம்முடையது. எதை விட்டுவிடலாம், எதற்குப் போன் செய்யலாம், எதற்கு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்ப வேண்டும் என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. கூட்டத்தில் டாக்டர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை.

நான் கோவில்பட்டியில் லேடீஸ் டெய்லரிங் கடை வைத்திருக்கிறேன். 2018-இல் இடது மார்பில் கட்டி. மதுரையில் ஆபரேஷன் செய்து மார்பையும் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகளையும்) எடுத்தார்கள். பிறகு கீமோ, அதன் பிறகு கரண்ட், அதன் பிறகு நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் டமாக்சிஃபென் 20 மில்லிகிராம் மாத்திரை. எங்கள் ஊரிலிருந்து மதுரை கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர். நினைத்தவுடன் போய் டாக்டர் முன்னால் உட்கார முடியாது. அதனால் எதற்குப் போக வேண்டும் என்ற தெளிவு எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் அவசியம். இத்தனை வருடங்களில் எனக்கு வந்தது, என்னோடு சிகிச்சை எடுத்தவர்களுக்கு வந்தது, டாக்டரும் சிஸ்டர்களும் சொல்லித் தந்தது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். முதல் செக்கப்புக்குப் போய்விட்டு வந்தபோது, "என்ன, ஸ்கேன்கூட எடுக்கலையா? தொட்டுப் பார்த்து அனுப்பிட்டாங்களா?" என்று வீட்டில் எல்லோருக்கும் அதிர்ச்சி. என் மதினி, கையில் காசு கொடுத்தாவது உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் எடுத்துவிடு என்றார். அடுத்த முறை டாக்டரிடமே கேட்டேன். மார்பகப் புற்றுநோயில் சிகிச்சை முடிந்த முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை, நான்காவது ஐந்தாவது வருடங்களில் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை, அதன் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை நேரில் பார்ப்பார்கள். மிச்சமிருக்கிற மார்புக்கு வருடா வருடம் மேமோகிராம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு வழக்கமாக சிடி ஸ்கேனோ பெட் ஸ்கேனோ எடுப்பதால் ஆயுள் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஒன்றுமில்லாத நிழலைப் பார்த்துப் பயந்து, ஊசி குத்தி, மறுபடி ஸ்கேன் எடுத்து அலைவதுதான் மிச்சமாகும். இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் சொன்னார்: "நீங்க வந்து என்ன தொந்தரவு சொல்றீங்களோ, அதை வச்சுத்தாம்மா எந்த டெஸ்ட் எடுக்கணும்னு நான் முடிவு பண்ணுவேன்."

அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நாம் சொன்னால்தான் தேடுவார்கள். அதுவும், செக்கப் தேதி என்பது தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்காகப் போட்ட தேதி. தொந்தரவு வந்தவர் அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. "அடுத்த மாசம் எப்படியும் போகத்தானே போறோம், அப்போ சொல்லிக்கலாம்" என்ற பேச்சை வெயிட்டிங் ஹாலில் எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். பஸ் செலவு, கூட வருகிறவரின் ஒரு நாள் சம்பளம், பிள்ளைகளின் பரீட்சை என்று எல்லாக் காரணமும் நியாயமானதுதான். ஆனால் சில தொந்தரவுகள் ஒரு மாதம் பொறுக்காது. சில ஒரு ராத்திரிகூடப் பொறுக்காது.

கீமோ எடுத்த எல்லோருக்கும் 100.4 என்ற எண் மனப்பாடமாக இருக்க வேண்டும். கீமோ ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வாக்கில் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது. உள்ளே கிருமி புகுந்திருந்தால் சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும். கடைசி கீமோ முடிந்த சந்தோஷத்தில் பலர் இந்த விதியை மறந்துவிடுகிறார்கள். கடைசி டோஸுக்கும் அதே கணக்குதான். இன்னொன்று, உடம்பு சுடுகிறது என்று தெரிந்தவுடன் பாராசிட்டமால் மாத்திரையைப் போட்டுவிட்டு அப்புறம் தெர்மாமீட்டர் தேடாதீர்கள். மாத்திரை காய்ச்சலை மட்டும் இறக்கும், கிருமி அப்படியே இருக்கும், டாக்டருக்கும் சரியான நிலவரம் தெரியாது. முதலில் அளந்து பாருங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், போன் செய்யுங்கள். கைகால் உதறுகிற மாதிரி குளிர் நடுக்கம் வந்தால், தெர்மாமீட்டரில் எண் குறைவாகக் காட்டினாலும் போன் செய்ய வேண்டும்.

இப்போது கையைப் பற்றி. இது என் தொழிலோடு சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அக்குள் நெறிகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கையிலிருந்து நிணநீர் வடிகிற பாதை குறைந்துவிடுகிறது. கை வீங்கலாம். ஆபரேஷன் முடிந்த சில மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. வளையல் இறுக்கும், மோதிரம் கழற்ற வராது, ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் பிடிக்கும், கை கனக்கிற மாதிரி இருக்கும். என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிற ஒரு அம்மா, "இடது கை மட்டும் கொஞ்சம் லூசா வச்சிருங்க" என்று சொன்னதை வைத்தே விசாரித்தேன். அவருக்கும் என்னைப் போல ஆபரேஷன் ஆகியிருந்தது. நான் மாதம் ஒரு முறை இரண்டு கையையும் டேப் வைத்து அளப்பேன். மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே ஓர் இடம், மேலே ஓர் இடம் என்று ஒவ்வொரு முறையும் அதே இடங்களில். டேப்பின் சென்டிமீட்டர் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். இரண்டு கைக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு முன்பே, உங்களுடைய பழைய அளவிலிருந்து கூடிக்கொண்டே போனாலும் காட்டலாம். ஆரம்பத்தில் பிடித்தால் பிசியோதெரபி, பயிற்சி, அழுத்தமான கையுறை இவற்றாலேயே கட்டுக்குள் வைக்கலாம். விட்டுவிட்டால் தோல் தடித்துவிடும், பிறகு இறங்குவது கஷ்டம்.

வீக்கத்துக்கு அவசரம் இல்லை, ஒரு வாரத்துக்குள் காட்டினால் போதும். ஆனால் கை சிவந்து, தொட்டால் சுட்டு, வலித்தால் கதை வேறு. அது அன்றைக்கே பார்க்க வேண்டியது. எனக்கு அப்படி ஆனது. கொக்கி தைக்கும்போது இடது கை விரலில் ஊசி குத்தியது. தையல்காரிக்கு அது தினமும் நடப்பது. மறுநாள் சாயங்காலம் முன்கையில் சிவப்பு. ராத்திரிக்குள் அது முழங்கையைத் தாண்டி ஏற ஆரம்பித்தது. உடம்பு குளிர்ந்து நடுங்கியது. சிஸ்டர் முன்பே சொல்லித் தந்தபடி, சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டிச் சிவப்பு போகிறதா என்று பார்ப்பதற்கு அது உதவும். மதுரைக்குப் போன் செய்ததும், இங்கே வர வேண்டாம், நேரம் போகும், உள்ளூர் அரசு மருத்துவமனைக்கு உடனே போய் ஆன்டிபயாடிக் ஊசியை ஆரம்பியுங்கள், பணியில் இருக்கிற டாக்டரிடம் போனைக் கொடுங்கள் என்றார்கள். அங்கே இருந்த டாக்டர் பேசினார், ஊசி போட்டார். சில நாளில் சிவப்பு வடிந்தது. நிணநீர் வடிகால் குறைந்த கையில் கிருமி வேகமாகப் பரவும், ஒவ்வொரு தடவை வரும்போதும் வீக்கமும் கொஞ்சம் கூடும். அன்றிலிருந்து இடது கை விரலில் அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் இருக்க மாட்டும் விரலுறை) இல்லாமல் ஊசி எடுப்பதில்லை. எலுமிச்சை, மஞ்சள் என்று எதையும் அந்தக் காயத்தில் அப்பாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஆன்டிசெப்டிக் களிம்பு போட்டுவிட்டுக் கவனித்தால் போதும்.

இருமல் இன்னொன்று. கரண்ட் முடிந்து ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் சிலருக்கு, கரண்ட் பட்ட பக்கத்து நுரையீரலில் ஒரு அழற்சி வரும். கிருமியால் வருவதில்லை, கதிர்வீச்சின் பின்விளைவு. வறட்டு இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, லேசான காய்ச்சல். எனக்கு வந்தபோது ஊரில் ஒரு கிளினிக்கில் சளி என்று சொல்லி சிரப்பும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தார்கள். கரண்ட் வைத்தேன் என்று சொல்லியும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் அன்றைக்கே மதுரைக்குப் பேசினேன். எக்ஸ்ரேயும் சிடியும் எடுத்துப் பார்த்து, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாத்திரையை வாரா வாரம் குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். இருமல் நின்றுவிட்டதே என்று சட்டென்று நிறுத்தினால் இருமல் திரும்பும், உடம்பும் தாங்காது. நம் நாட்டில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் யாராக இருந்தாலும் காசநோய்க்குச் சளி பரிசோதனை செய்ய வேண்டும். புற்றுநோய்க்காரர்களுக்கு அதோடு நுரையீரலில் நோய் பரவியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். ஆக, இரண்டு வாரம் தாண்டிய இருமலைக் காரணம் தெரியாமல் விடவே கூடாது. இருமலில் ரத்தம் வந்தால் இரண்டு வாரமும் கிடையாது, அன்றைக்கே.

அடுத்து சொல்லப்போவது பெண்கள் வாயை விட்டுச் சொல்லாதது. கீமோவிலேயே எனக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனையிலும் முழுக்க நின்றுவிட்டது என்று உறுதியானது. டமாக்சிஃபென் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்றாவது வருடம், உள்ளாடையில் லேசாகத் திட்டுத் திட்டாக ரத்தம். என் டாக்டர் ஆண். கூட வந்தது என் வீட்டுக்காரர். இரண்டு ஆண்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதைச் சொல்வது எவ்வளவு கூச்சம் என்று பெண்களுக்குத் தெரியும். நான் சிஸ்டரிடம் போனில் சொன்னேன். அவர் அதே வாரம் மகப்பேறு டாக்டரிடம் அனுப்ப ஏற்பாடு செய்தார். டமாக்சிஃபென் மார்புக்கு நல்லது செய்யும்போதே கருப்பையின் உள்படலத்தைத் தடிக்கச் செய்யக்கூடியது. மாதவிடாய் நின்ற பெண்களில் சிலருக்கு அதனால் பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி) வரும், மிகச் சிலருக்குக் கருப்பையில் புற்றுநோயே வரும். அதனால் மாதவிடாய் முழுக்க நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் சொல்ல வேண்டும். எனக்கு ஸ்கேன் எடுத்து, உள்படலத்திலிருந்து துளி எடுத்துப் பரிசோதித்தார்கள். சாதாரண பாலிப்தான், எடுத்துவிட்டார்கள். "மாத்திரையாலதானே வந்தது, நிறுத்திரட்டுமா?" என்று கேட்டேன். நாமாக நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். நோய் திரும்பாமல் காப்பது அந்த மாத்திரை. மாற்ற வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டு ஆண்களிடம் ஒரு வேண்டுகோள். மனைவியோ அம்மாவோ டாக்டரைப் பார்க்கும்போது இரண்டு நிமிடம் வெளியே நில்லுங்கள். நீங்களாகவே எழுந்து போனால் அவர்கள் சொல்லத் தயங்கியதைச் சொல்வார்கள்.

முதுகு வலியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. புற்றுநோய் வந்தவருக்கு முதுகு வலித்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. மார்பகப் புற்றுநோய் திரும்பிப் பரவினால் அதிகமாகப் போகிற இடம் எலும்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. நாள் முழுக்க மிஷினில் குனிந்து உட்காருகிறவள் நான், முதுகு வலி எனக்குப் புதிதில்லை. அதனால் டாக்டரிடம் நேராகவே கேட்டேன், எந்த முதுகு வலிக்கு நான் பயப்பட வேண்டும் என்று. அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். வேலை செய்தால் கூடி, படுத்தால் குறைந்து, சில நாளில் ஆறிவிடுகிற பழகிய வலியென்றால் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம். புது இடத்தில் வந்த வலி, ஒரே இடத்தில் நிலைத்த வலி, படுத்தாலும் விடாத வலி, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, வாரா வாரம் கூடுகிற வலி என்றால் இரண்டு வாரத்துக்குள் காட்ட வேண்டும். ரொம்பக் கடுமையாக இருந்தால் அந்த இரண்டு வாரமும் வேண்டாம். எனக்கு ஒரு தடவை இப்படிச் சந்தேகம் வந்து ஸ்கேன் எடுத்தார்கள். தேய்மானம்தான். வீணாக அலைய வைத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியதை டாக்டரே கவனித்து, "இதுக்குத்தான் வரச் சொன்னேன்" என்றார்.

என்னோடு ஒரே நாளில் கீமோ எடுத்த அக்கா ஒருவர் சாத்தூர் பக்கம். அவருக்கு முதுகு வலி வந்தபோது சுளுக்கு என்று எல்லோரும் சொன்னார்கள். சுளுக்கு வழிக்கிறவர் வந்து எண்ணெய் தேய்த்து இழுத்துவிட்டார். ஒரு நாள் எழுந்தபோது கால் இரண்டும் மரத்து, நடந்தால் துணி மேல் மிதிப்பது போல இருந்திருக்கிறது. சிறுநீர் வரவில்லை. அவருடைய மகள் எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். "கண்ணு, யோசிக்காதே, இப்பவே 108-ஐக் கூப்பிட்டு மதுரைக்குக் கொண்டு போ, போகிற வழியிலேயே ஆஸ்பத்திரிக்குச் சொல்லு" என்றேன். முதுகெலும்பில் பரவிய நோய் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. எம்ஆர்ஐ எடுத்து, ஸ்டீராய்டு ஊசி போட்டு, மறுநாளே முதுகில் கரண்ட் ஆரம்பித்தார்கள். அக்கா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார், மாத்திரையில் நோயைக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். நடக்கத் தெம்பு இருக்கும்போதே சிகிச்சை ஆரம்பித்தவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள், கால் முழுக்க விழுந்த பிறகு போனால் திரும்புவது அரிது என்று டாக்டர் அந்த மகளிடம் சொல்லியிருக்கிறார். முதுகு வலியோடு கால் பலவீனம், மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்வது என்று எது சேர்ந்தாலும் மணிக்கணக்கில்தான் நேரம். தயவுசெய்து யாரும், புற்றுநோய் இருந்தவரின் புது எலும்பு வலிக்குச் சுளுக்கு வழிக்கக் கூட்டிப் போகாதீர்கள். நோயால் அரித்த எலும்பு அந்த இழுப்பில் முறிந்துவிடும்.

இதே அவசரத்தில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. திடீரென்று மூச்சு முட்டுவது, மூச்சு இழுத்தால் நெஞ்சில் குத்துவது. இதை நம் ஊரில் வாயுப் பிடிப்பு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். புற்றுநோயாலும், டமாக்சிஃபெனாலும் காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைகிற வாய்ப்பு கூடுகிறது. ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் அன்றைக்கே காட்ட வேண்டும், தேய்த்துவிடக் கூடாது. அந்த உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால்தான் மூச்சு முட்டும். அப்போது 108. புதிதாகத் தலைவலி வந்து காலையில் எழுந்ததும் அதிகமாகி வாந்தியும் வருவது, வலிப்பு, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பார்வை இரண்டாகத் தெரிவது இவையும் உடனே. சிவப்பு மருந்து (டாக்சோரூபிசின் போன்ற சிவப்பு நிறக் கீமோ மருந்து) எடுத்தவர்களுக்கு இதயம் பலவீனமாவது சில சமயம் வருடங்கள் கழித்துக்கூடத் தெரிய வரும். தட்டையாகப் படுத்தால் மூச்சு வாங்கித் தலையணை கூட்டிக்கொண்டே போனால், இரண்டு காலும் வீங்கினால், அதை வயசு என்று ஒதுக்காமல் அந்த வாரமே சொல்லுங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்ப்பார்கள்.

கண் மஞ்சளானால் முதல் வேலையாகக் கீழாநெல்லி அரைக்கப் போகிறார்கள். சிகிச்சை முடித்தவருக்கு மஞ்சள் காமாலை என்றால் ஈரலில் நோயா, பித்தக் குழாய் அடைப்பா, மாத்திரையின் விளைவா என்று முதலில் தெரிந்தாக வேண்டும். ரத்தமும் ஸ்கேனும் பார்க்காமல் எந்த மருந்தும் வேண்டாம், நாட்டு மருந்தும் வேண்டாம். முயற்சி இல்லாமல் எடை இறங்கிக்கொண்டே போவது, பசி போய்விடுவது, ஆபரேஷன் தழும்பின் மேல் சின்ன முடிச்சு அல்லது மாறாத தடிப்பு, கழுத்திலோ அக்குளிலோ புது நெறி, அடுத்த மார்பில் கட்டி இவையெல்லாம் வலிக்காது என்பதாலேயே தள்ளிப் போடப்படுகின்றன. அந்த வாரத்திலேயே போன் செய்து தேதியை முன்னுக்குப் போடச் சொல்லுங்கள்.

மற்ற புற்றுநோய்க்காரர்களுக்கு அவரவர் சிகிச்சைக்கு ஏற்ப வேறு வேறு இருக்கும். வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர்கள் பல் பிடுங்குவதற்கு முன்னால் கட்டாயம் புற்றுநோய் டாக்டரிடம் கேட்க வேண்டும். கரண்ட் பட்ட தாடை எலும்பில் புண் ஆறாமல் எலும்பே அழுகிப் போகக்கூடும். வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் காட்ட வேண்டும். சாப்பிடும்போது அடிக்கடி புரை ஏறினாலும் சொல்ல வேண்டும். கழுத்தில் கரண்ட் வைத்தவர்களுக்குச் சில மாதங்களோ வருடங்களோ கழித்து தைராய்டு குறைந்து, சோர்வும் உடம்பு ஊதுவதும் வரலாம், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர்களுக்கு வருடங்கள் கழித்து மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தால், நோய் திரும்பியதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கரண்டின் பின்விளைவாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வயிறு ஊதி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இத்தனையையும் படித்துவிட்டு உடம்பை நாள் முழுக்கத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மேலே சொன்ன அவசரங்கள் இல்லாத எந்தப் புதுத் தொந்தரவுக்கும் நான் வைத்திருக்கும் அளவு இரண்டு வாரம். காலண்டர் தாளில் ஆரம்பித்த தேதியில் ஒரு வார்த்தை எழுதிவிடுவேன். எழுதிவிட்டால் மனசு அதை ஓயாமல் நினைப்பதை விட்டுவிடுகிறது, எனக்கு அப்படித்தான். முக்கால்வாசித் தொந்தரவுகள் அந்த இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். போகாதது போன் செய்ய வேண்டியது.

போன் செய்யும்போது "ஒரே டயர்டா இருக்கு, பயமா இருக்கு" என்று ஆரம்பித்தால் எதிர்ப்பக்கம் இருப்பவருக்கு எதுவும் பிடிபடாது. நான் பேசுவது இப்படி: "இடது மார்பு ஆபரேஷன் ஆனவங்க, 2018, டமாக்சிஃபென்ல இருக்கேன். பத்து நாளா வலது இடுப்புல ஒரு இடத்துல வலி. ராத்திரி கூடுது. காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டா ரெண்டு மணி நேரம் கேட்குது." பெயரைச் சொன்னால் நினைவு வராத சிஸ்டருக்குக்கூட இதைக் கேட்டதும் என்ன செய்வது என்று தெரிந்துவிடும். நாமே "சளிதான் போல", "சூட்டு வயிறுதான்" என்று முடிவைச் சொல்லிவிடாமல், நடப்பதை மட்டும் சொல்ல வேண்டும். போனை வைப்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்பேன். எப்போது வர வேண்டும்? அதற்குள் என்ன நடந்தால் உடனே வர வேண்டும்? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் ராத்திரி தூங்க விடும்.

பயத்தையும் தொந்தரவாகவே எண்ணிச் சொல்லுங்கள். செக்கப்புக்கு முந்தின வாரம் தூக்கம் வராமல், யாரிடமும் எரிந்து விழுவது எங்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு, அது செக்கப் முடிந்தால் அடங்கும். அடங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுகையாகவே இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதற்கும் மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன. உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

வெளியூரில் சிகிச்சை எடுத்தவர்கள் முடித்து வரும்போதே சில விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பகலில் எந்த எண், ராத்திரி எந்த எண், ஞாயிற்றுக்கிழமை யார் எடுப்பார்கள்? டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், எந்தெந்தக் கீமோ மருந்து, கரண்ட் எந்த இடத்தில் எப்போது முடிந்தது, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்துக்கு ஒவ்வாமை, எந்தக் கையில் ஊசி போடக் கூடாது இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அந்தத் தாளையும் காப்பீட்டு அட்டையையும் போட்டோ எடுத்து என் மகள் போனிலும் என் வீட்டுக்காரர் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன். உள்ளூர் டாக்டர் இதைப் பார்த்தால்தான் சாதாரணக் காய்ச்சலாக நினைக்காமல் சரியாக முடிவெடுப்பார். ராத்திரி போனை யாரும் எடுக்கவில்லை என்றால் எடுக்கும் வரை முயன்றுகொண்டிருக்காமல் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே முதல் வாக்கியமாகப் புற்றுநோய்ச் சிகிச்சை எடுத்தவர் என்று சொல்லுங்கள். கீமோ முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.